எண்ணெய் துடைத்த சட்டைக்கை

சிகிச்சை முடிந்துவிட்டது, இனி அடிக்கடி வர வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்ன நாளில் கட்டிங் அக்காவுக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. தையல் கடையில் துணி வெட்டுபவள் என்பதால் அந்தப் பெயர். மார்பில் புற்றுநோய் என்று சொன்னபோதுகூட அவள் இப்படிக் கொதிக்கவில்லை. அப்போது அதற்கு நேரம் ஏது?

வீட்டில் எல்லாரும் சிரித்த முகமாகவே திரிந்தார்கள். நாத்தனார் போனில் கூப்பிட்டு, "உங்களுக்கு இது மறுபிறவி அண்ணி, இனிமே நல்லதையே நினைங்க" என்பாள். மறுபிறவியாம், போன பிறவியில் என்ன குறை இருந்ததாம்? முதுகில் லேசாகப் பிடித்தாலே, மறுபடி வந்துவிட்டதோ என்று அன்று இரவு இவளுக்குத் தூக்கம் போய்விடும். வெளியே சொன்னால் வீடே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். பிறகு அவர்களுக்கும் இவள்தான் ஆறுதல் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வீட்டுக்காரர் குழம்பில் உப்பு கூடிப்போனாலும் "பிரமாதம்" என்று சாப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து குறை சொல்லாமல் ஒரு கவளம் இறங்காத மனிதர் அவர்.

அவள் நிம்மதியாக மூச்சு விட்ட இடம் கடை ஒன்றுதான். மருந்து ஏற்றியதில் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. கத்திரி கையில் இருப்பதே சில சமயம் உறைக்காது. ஆனாலும் முதலாளியம்மா வெட்டும் மேசையை அவளுக்கே விட்டார். புது ஆர்டருக்கு மாதிரிச் சட்டைகள் என்று துணி கொடுத்தார். ஒரு புகாரும் வரவில்லை. உடம்பில் எது போனாலும் தொழில் போகவில்லை என்று அவள் தலை நிமிர்ந்து நடந்தாள்.

ஒரு காலையில், கடையில் சட்டை தைக்கும் மெஷின்காரர் தன் மெஷினில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்த துணியில் ஒரு சாக்பீஸ் கீற்று தெரிந்தது. வெட்டிய துண்டின் மூலையில் அவள் போடும் அடையாளம் அது. பிடுங்கி விரித்தாள். சட்டைக்கை.

"இது ஏன் இங்க வந்துச்சு?"

மெஷின்காரர் தலையைச் சொறிந்தார். மூலையில் கிடந்த மூட்டையை அவளே இழுத்துக் கொட்டினாள். அவள் வெட்டியதெல்லாம் அதில்தான் இருந்தது. விலைபோகாத பழைய சரக்கை அவளிடம் தள்ளிவிட்டு, நிஜ ஆர்டரை மெஷின்காரர் வெட்டியிருக்கிறார். சின்னப் பிள்ளைக்கு பொம்மை கொடுத்து உட்கார வைப்பது போல இத்தனை நாள் அவளை உட்கார வைத்திருக்கிறார்கள்.

"கோவப்படாதீங்கக்கா. திரும்பி வந்த அன்னிக்கு ரெண்டு கையையும் இடது கையாவே வெட்டிட்டீங்க. முதலாளியம்மா உங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணாங்க. மனசு உடைஞ்சிடுவா, சொல்லாதீங்கன்னு அவர்தான் கேட்டுக்கிட்டாராம்."

ஆக, அவருக்கும் தெரியும். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எண்ணெய்த் துணியோடு உள்ளறைக்குப் போனாள். ஒரு காலத்தில் காலர் கொஞ்சம் கோணினாலும் முதலாளியம்மா போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். இன்று அந்த அம்மாள் துணியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"நான் தப்பா வெட்டினேன்ல. ஏன்க்கா திட்டலை?"

"நீ பட்ட பாட்டைப் பார்த்தவடி நான். உன்னைத் திட்ட எனக்கு எப்படி வாய் வரும்?"

"சாகப்போறவளைத்தான் யாரும் திட்ட மாட்டாங்க. பிழைச்சுட்டே, பிழைச்சுட்டேன்னு ஆளாளுக்குச் சொல்றீங்களே, உங்கள்ல ஒருத்தராவது அதை நம்புறீங்களா?"

முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்க்க இவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"அழாதீங்க. அழுறதுக்கு எங்க வீட்டுலயே ஆள் இருக்கு. நல்ல துணியைக் கொடுங்க."

முதலாளியம்மா அலமாரியைத் திறந்து வாடிக்கையாளரின் துணியை எடுத்து வந்து மேசைமேல் விரித்தார். "வீணாக்கினே, தொலைச்சிடுவேன்" என்றார். குரலில் இன்னும் பலம் வரவில்லை.

அவள் கோடு போட்டுக் கத்திரியை எடுத்தாள். விரல் நுனியில் ஒன்றும் தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது. வெட்டத் தொடங்கினாள். அக்குள் வளைவில் திரும்பும்போது கத்திரி கோட்டை விட்டு நழுவியது.

"ஏய், கண்ணை எங்கடி வெச்சிருக்கே? கோடு தள்ளிப் போகுது பாரு."

தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"தெரியுது, தெரியுது. காதுகிட்ட வந்து கத்தாதீங்க" என்று அவளும் எரிந்து விழுந்து, கத்திரியைக் கோட்டுக்குத் திருப்பினாள்.