பிளாஸ்டர் ஒட்டிய திரை

மூதூர் பஸ்ஸுக்கு நின்றபோது றிஸ்வானாவின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். “மிஸ், ராத்தா விடிய சுபஹோட மௌத்தாகிட்டா.” நோயில் கிடந்த அவன் அக்காவைப் பார்க்கத்தான் புறப்பட்டிருந்தேன்; விடியத் தொழுகை நேரத்தோடு றிஸ்வானா போய்விட்டார். கையில் அவர் கேட்ட தோடம்பழம். இதென்ன அநியாயம் என்று பழப் பையோடு கோபித்துக்கொண்டு நின்றேன்.

துறைமுகத்தடி ஆய்வுகூடத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. படகு இரும்பில் கறள் பிடிக்காதிருக்க ஒரு மெல்லிய பூச்சைத் தேடினோம். பூசிய தகடுகளைக் கடலில் ஊறவிட்டு, எக்ஸ் கதிர்ச் சோதனைக்கு வெளியூர் அனுப்புவோம். திரும்பி வருவது மேடும் பள்ளமுமான ஒரு கோடு. ஒரு மேட்டுக்குள் பல முகடுகள் கலந்திருக்கும். அவற்றைப் பிரித்தால் எது எதோடு பிணைந்திருக்கிறது என்று தெரியும். பூச்சு இரும்பைப் பற்றியிருந்தால் ஓரத்தில் ஒரு சின்ன முகடு வரவேண்டும். அதற்காகத்தான் இத்தனை வருடப் பாடும். சல்லிக் கிராமத்துப் படகுக்காரர் ஒருவர் காணும்போதெல்லாம் கேட்பார்: “பூச்சுப் பிடிக்குமோ பிள்ளை?” றிஸ்வானா சிரித்துக்கொண்டே, “இன்னும் தெரியாதண்ணே,” என்பார்.

முகடுகளைப் பிரிக்கும் மென்பொருள் ஆதிகாலத்தது. ஒரேயொரு பழைய கணினியில்தான் ஓடும். புதிது வாங்கச் சொல்லிச் சண்டை பிடித்தேன். “வாங்குங்க மிஸ். ஆனா பழைய தகடெல்லாம் இதுலதானே பாத்தோம். ஒப்பிட இதுவும் வேணும்,” என்றார்.

எத்தனை முகடு கேட்டாலும் அது போட்டுத் தரும். கூடப் போடப் போட, பொருத்தத்தைக் காட்டும் திரை மூலை எண்ணும் அழகாகிக்கொண்டே போகும். ஒருநாள் நான் அந்தச் சின்ன முகட்டை வைத்து, எண்ணைப் பார்த்துத் துள்ளினேன். அவர் கைப்பையிலிருந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை எடுத்து எண்ணின் மேல் ஒட்டினார். “இப்ப அந்த முகட்ட எடுத்திட்டுப் பொருத்துங்க. அது இல்லாமலும் கோடு சரிவந்தா, அது தகட்டில இல்ல, உங்கட ஆசையில.” சரிவந்துவிட்டது. சில நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் பாட்டுக்கு எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றினார்.

கடைசித் தகட்டை அவரே கயிறு கட்டி இறக்கினார். அதன் தரவு, அவரை அடக்கிய பிறகுதான் வந்தது. பழைய கணினியைப் போட்டேன். பிளாஸ்டர் அப்படியே இருந்தது. முகட்டை வை, வை என்று மனம் கெஞ்சியது. வைக்காமல் பொருத்தினேன். ஓரத்தில் கோடு விலகியது. என்ன செய்தும் விலகியே நின்றது. பிறகுதான் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

“றிஸ்வானா, இருக்குதப்பா!” என்று அவர் உட்காரும் வெறுங்கதிரையைப் பார்த்துக் கத்தினேன். பிறகு அழுதேன்.

அவரை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன்: மிக ஆசைப்படுவதை முதலில் எடுத்துவிட்டுப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன். பிளாஸ்டரையும்தான். நேற்றுப் படகுக்காரர் வழமைபோலக் கேட்டார்.

“பிடிக்குதண்ணே,” என்றேன். “றிஸ்வானா பாத்திட்டா.”