துரை விற்றுப்போன காரும் இரண்டு மேனிஃபோல்டுகளும்

நனைந்த கான்வாஸ் வாடை, அதன் மேல் சாம்பிராணி... இந்த இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த சமயம். வெள்ளைக்காரத் துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படிப் போன ஒரு எஸ்டேட் துரையிடம் என் வீட்டுக்காரர் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவிட்டார். பச்சை நிறம், இரண்டே சீட், மேலே மடக்குத் துணிக் கூரை. ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி வேலை பார்க்கிற மனுஷனுக்கு எதற்கு இந்த ஜம்பம் என்று நாங்கள் குடியிருந்த காஜா பேராங் வட்டாரமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஏறி உட்கார்ந்ததும் வாயை மூடிக்கொண்டேன், அப்படி ஒரு அழகு!

வெயில் நாளில் ஒரு தொல்லையும் இல்லை. மழை வந்து, கூரையை இழுத்து, பக்கத்துத் திரைகளைப் பொத்தான் போட்டு மூடினால்தான்...

தலை கனக்கும். சீட்டுக்குப் பின்னால், ஒரு பெட்டி வைக்கக்கூட இடமில்லாத அந்தச் சந்தில், யாரோ மெல்ல முனகுவது போல் இருக்கும். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். எனக்கு மட்டும் கேட்டிருந்தால் மசக்கை என்று விட்டிருப்பேன். ஆனால் ஒருநாள் அவரும் காரை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"சரசு, நீ ஏதாச்சும் சொன்னியா?"

"இல்லையே..."

"பின்னுக்கு யாரோ பேசுன மாதிரி இருந்துச்சு."

அதோடு விஷயம் அண்ணி காதுக்குப் போனது. அண்ணி என்றால் அவருடைய அக்கா, எங்களோடுதான் இருந்தார். அவர் சும்மா இருப்பாரா?

வெள்ளிக்கிழமை தோறும் டயருக்கு எலுமிச்சம்பழம். கூரையையும் திரையையும் இறுக்கி மூடி, உள்ளே சாம்பிராணிச் சட்டி. "மூடி வச்சாத்தான் சந்து பொந்தெல்லாம் புகை போகும், அப்பத்தான் அது எறங்கும்" என்பார். துணியெல்லாம் சாம்பிராணி ஊறிப்போய், காருக்குள் வேறெந்த வாடையும் எங்கள் மூக்குக்கு எட்டவே இல்லை.

ஜாசினில் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பிய ஒரு சாயங்காலம், நல்ல மழை. அன்றைக்கு முனகல் தாலாட்டு போலக் கேட்டது. எனக்குப் பயமே வரவில்லை, நினைத்தால் அதுதான் பயங்கரம். கண் சொக்கியது. பக்கத்தில் அவர் தலை ஸ்டியரிங்கை நோக்கிச் சாய்வதை, யாருக்கோ நடப்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். குமட்டிக்கொண்டு வரவே திரையைப் பிய்த்துத் தலையை வெளியே நீட்டினேன். மழைக்காற்று முகத்தில் அடித்தது...

தாலாட்டு நின்றுவிட்டது. அவரைப் பிடித்து உலுக்கினேன். கார் ஒரு ரப்பர் மரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

வயிற்றில் கை வைத்தேன். பிள்ளை அசையவில்லை. வீட்டுக்கு வந்து, படுத்து, வெகு நேரம் கழித்துத்தான் ஒரு உதை உதைத்தது. அதுவரை நான் வேண்டாத தெய்வமில்லை.

மறுநாள் காலையில் அவரிடம் கேட்டேன். "ஏங்க, பேய்னா திரைய தொறந்தவொடனே ஓடிருமா? காடிய காதர் பாய்கிட்ட காட்டுங்க."

காதர் பாய் எங்கள் தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். என்ஜினை ஓடவிட்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் காட்டினார். என்ஜின் புகையை வாங்கிப் பின்குழாய்க்கு அனுப்புகிற வார்ப்பிரும்பு அது. அதில் மெல்லிய விரிசல், ஓரமெல்லாம் கரி. அந்த விஷப்புகை கால்மாட்டு ஓட்டைகள் வழியாக நேரே எங்களிடம் வந்திருக்கிறது. நாங்கள் திரையை வேறு மூடி அதற்கு வசதி செய்து கொடுத்திருக்கிறோம்!

புதுசு லண்டனிலிருந்து வர மாசக்கணக்காகும் என்றார்கள். பழைய இரும்புக் கடையில் இரண்டு கிடைத்தன. ஒன்று, அதே என்ஜின் பொருத்திய ஒரு குடும்பக் காருடையது. குழாயைக் கொஞ்சம் வளைத்தால் போதும். இன்னொன்று, எங்கள் காரைப் போலவே இருந்த ஒன்றிலிருந்து கழற்றியது, அப்படியே பொருந்தும். ஆனால் அந்தக் கார் மரத்தில் மோதி, ஓட்டியவர் அங்கேயே இறந்துபோனாராம்.

அண்ணி ஒரே பிடியாக நின்றார். "செத்தவன் காடி சாமான் நம்ம வாசப்படி ஏறக்கூடாது! புள்ளத்தாச்சி இருக்கற வீடு!"

என் வீட்டுக்காரரும் அக்கா பக்கம் சாய்ந்துவிட்டார். காதர் பாய் இரண்டையும் கம்பியில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினார். குடும்பக் காருடையது 'டொக்' என்றது. உள்ளே எங்கோ விரிசல் என்றார். செத்தவருடையது கணீரென்று ஒலித்தது... அடங்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் ரீங்கரித்துக்கொண்டே இருந்தது.

"நீங்களே சொல்லுங்க தங்கச்சி. ஒக்காரப் போறது நீங்கதானே?" என்றார் பாய்.

"செத்தவருதையே போடுங்க பாய். பேய் வந்தா சாம்பிராணி இருக்கு. புகைக்கு என்னா இருக்கு?"

அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு எந்த மழையிலும் தலை கனக்கவில்லை, யாரும் முனகவில்லை. பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தான்.

அவன் தவழ ஆரம்பித்திருந்தபோது, துரை வீட்டில் சமையல் பார்த்தவரை என் வீட்டுக்காரர் காய்கறி வாங்கப் போன பாசாரில் சந்தித்தார். துரை ஏன் அவ்வளவு அவசரமாகக் காரை விற்றார் என்று அவர்தான் சொன்னார். ஒரு மழை நாளில் டவுனிலிருந்து திரும்பும்போது துரைசாணி அம்மா தூங்கிப் போனாராம். துரை சுருட்டுப் பிடிக்கத் தன் பக்கத் திரையைத் திறந்தே வைத்து ஓட்டுபவர். பங்களா வாசலில் எழுப்பினால் அம்மா எழவில்லை. நெஞ்சு வலி என்று முடித்துவிட்டார்கள்.

செத்தவர் காரின் இரும்பு வேண்டாமென்று எங்கள் வீடே இரண்டுபட்டது. அதுவரை நான் போய் வந்ததே செத்தவரின் சீட்டில்தான். யார் பெற்ற பிள்ளையோ பாவம்... முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக அன்று முழுக்க அழுதேன். முனகலெல்லாம் விஷப்புகை தலைக்கேறிச் செய்த வேலை என்று எனக்குத் தெரியும். ஜாசினிலிருந்து திரும்பிய அன்று அந்தக் குமட்டல் மட்டும் எப்படிச் சரியான நேரத்தில் வந்தது என்று இன்னும் தெரியவில்லை, நண்பர்களே.

இப்போது கார்கள் சத்தமே இல்லாமல் ஓடுகின்றன. கண்ணாடியை ஏற்றி ஏர்கான் போட்டால் மழை பெய்வதே தெரியாது. அந்த மகனுக்கே பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். போன வாரம் மழையில் ஆயர் குரோவுக்கு அழைத்துப் போனான். நான் என் பக்கத்துக் கண்ணாடியை ரெண்டு விரல் அளவு இறக்கினேன்.

"அம்மா, மழத்தண்ணி உள்ள வருது!"

"வரட்டும்யா. நீ ஓட்டு."