பீலியில் வைத்த ரியூப் துண்டுகள்

கண்ணை மூடினால் இன்னும் அந்த மெத்தை வருகிறது. நீலக் கோடு போட்ட மெத்தை, காரின் கூரையிலிருந்து மெல்ல வழுகி வந்து முன்கண்ணாடியை மூடுகிறது. நான் அதை நேரில் பார்க்கவில்லை. மகள் தொலைபேசியில் சொன்னதுதான். ஆனாலும் கனவில் காருக்குள் இருப்பது நான். வெளிச்சமெல்லாம் நீலமாக, வாவிக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

கார் என்னைவிட வயதில் மூத்தது. கணவர் கட்டாருக்குப் போகுமுன் ஆசையாக இளம்பச்சைப் பெயின்ற் அடித்து வைத்துவிட்டுப் போனார். மகளுக்கு வெல்லாவெளிப் பக்கம் ஆசிரியர் வேலை கிடைத்தது. கிழமை நாட்களில் தங்க அங்கே ஓர் அறை எடுத்தாள். மெத்தை, புத்தகப் பெட்டிகள், விசிறி எல்லாம் போகவேண்டும். டிக்கியில் ஒரு பெட்டிக்கு மேல் கொள்ளாது. ஆகவே கூரையில் சாமான் கட்டும் இரும்புக் கரியர் பூட்ட முடிவாயிற்று.

பழைய கார்களின் கூரை ஓரத்தில் மழைநீர் ஓட ஒரு சிறு பீலி இருக்கும். கரியரின் நான்கு கால்களும் அதில் நிற்கும். கிளம்பு எனும் இரும்புப் பிடிகள் அதைக் கவ்விப் பிடிக்கும். பூட்ட வந்த மெக்கானிக் இறுக்கும்போது, பெயின்ற் உரியாதா என்று கேட்டேன்.

"இரும்ப இரும்பு கடிச்சாத்தான் நிக்கும் அக்கா. பூப்போல வைக்க இதென்ன சாமிப்படமா?"

அவர் போனபின் ஒவ்வொரு கிளம்பாகத் தளர்த்தி, பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி உள்ளே வைத்தேன். எங்கள் வீட்டில் வாசல் படலை முதல் வாளிப்பிடி வரை எல்லாவற்றையும் ரியூப்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. என் பலம் உள்ள மட்டும் மறுபடி இறுக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

திங்கள் காலை, வயல்வெளி நடுவே மாடுகள் குறுக்கே வந்தன. மகள் பிறேக் போட்டாள். காரின் வேகம் குறைந்தது, மெத்தையோடு கரியர் முன்னால் வழுகியது. வீதி தெரியாமல் போன அந்தச் சில கணங்களில் கார் ஓரத்து மண்ணில் இறங்கி நின்றிருக்கிறது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

சனிக்கிழமை மெக்கானிக்கை மறுபடி கூப்பிட்டோம். திங்கள் அவள் திரும்பவும் போகவேண்டும்.

"நீங்க இறுக்கின இறுக்குக்கு அண்ணன், நான் இப்ப மேலோகத்தில இரிக்கோணும்," என்றாள் மகள்.

அவர் பீலி வழியே விரலை ஓட்டினார். ஒட்டிக்கிடந்த கறுப்புத் துண்டொன்று கையோடு வந்தது. "இது நான் வைச்சதில்ல தங்கச்சி."

முற்றத்தில் வெயில் அசையாமல் கிடந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் அதை எறிந்துவிட்டு வேலையைத் தொடங்கியிருப்பார். ஆனால் அடுத்த தரம், பெயின்ற் உரியும் என்ற பயத்தில் நான் எதைச் செருகுவேன் என்று எனக்கே தெரியாது.

"நான்தான் வைச்சன். பெயின்ற் உரியும் எண்டு."

மகள் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தாள். "கொஞ்சம் விட்டா என்னையும் ரியூப்பால சுத்தித்தான் அனுப்பியிரிப்பீங்க," என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்கொள்ளுங்க அண்ணன். சும்மா உங்களப் பேசிப்போட்டன்."

"பரவாயில்ல. அக்காட கையில இனி ரியூப் குடுக்காதீங்க."

மகள் ஸ்பானரை வாங்கி என்னிடம் நீட்டினாள். "கடைசி இறுக்கு நீங்க இறுக்குங்க அம்மா."

இறுக்கினேன். கிளம்பின் பல்லுக்குக் கீழே பெயின்ற் முறிகிற சத்தம் கேட்டது. இளம்பச்சைச் செதில் ஒன்று என் மணிக்கட்டில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. மகள் இரண்டு கைகளாலும் கரியரைப் பிடித்துத் தொங்கி ஆடினாள். கட்டிவைத்த தோணிபோல முழுக் காரும் அவளோடு சேர்ந்து ஆடியது.