நாலு அஞ்சு வண்டியும் அழியாத சிப்பும்

போன வாரம் ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைப் பிடுங்கப் போனேன். கடைக்காரப் பெண், "பொறுங்க சார், இன்னும் எழுதி முடிக்கல" என்றாள். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பட்ட அனுபவம் உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டு ஓரமாக ஒரு தனியார் பஸ் கம்பெனியின் அறையில் டைம் கீப்பராக இருந்தேன். என் பத்தாம் வகுப்புக்கும் கூச்சத்துக்கும் தோதான வேலை. பஸ்ஸுகள் பதில் பேசாது. டீசல் வாடையடிக்கும் அந்த அறையில் ஒருநாள் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. வண்டி உள்ளே நுழைந்ததும் அதற்குரிய பொத்தானை அமுக்கினால் போதும், நேரம் பதிந்துவிடும். கரண்ட் போனாலும் அழியாத சிப் என்று மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் சொன்னார். மேனேஜர் அன்றே, நான் நேரம் எழுதிவந்த நோட்டை வாங்கிப் பூட்டிவிட்டார்.

அந்த வாரம் பெட்டியில் பதிந்ததெல்லாம் திங்கட்கிழமை ஒரு தாளில் அச்சாகி வந்தது. ஆழ்வார்குறிச்சியிலிருந்து சாயங்காலம் நாலு அஞ்சுக்கு வரும் வண்டி வாரம் முழுக்க வரவே இல்லை என்றது தாள். டிரைவர் சுடலைமுத்து ஆட்களை வெளியிலேயே இறக்கிவிட்டுத் திரும்புகிறார் என்று மேனேஜர் முடிவு கட்டினார். இன்னும் இரண்டு வாரம் பார்ப்பாராம். பிறகு வேலையை விட்டு நிறுத்திவிடுவாராம்.

"தெனமும் வந்துச்சு அண்ணாச்சி" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"மிஷினுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமோ? அவன் ஒனக்கு என்னலே வாங்கித் தந்தான்?"

அடுத்த தாளிலும் வண்டி இல்லை. காந்தம் வைத்தால் சிப் அழியும் என்று டீக்கடையில் யாரோ சொன்னதிலிருந்து, சுடலைமுத்து ஜன்னல் பக்கம் வந்தாலே அவர் சட்டைப்பையைத்தான் பார்ப்பேன். வம்புக்கென்று அவரே செய்கிறாரோ? அவரோ என் விரலையே பார்ப்பார்.

"அமுக்கினீரா வே?"

"அமுக்கிட்டேன்."

"எங்க, என் கண்ணு முன்னால இன்னொருக்க அமுக்கும்."

மூன்றாவது தாளிலும் இல்லாமல் போகவே, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இன்ஜினியரை வரவழைத்தார்கள். அவர் என் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வண்டி வந்தது. அமுக்கினேன். வழக்கம்போல டீக்கு எழுந்தேன். நான் அறையை விட்டு வெளியே போவது அந்த ஒரு தடவைதான். ஆளில்லாத அறையில் கரண்ட் ஓடக் கூடாது என்பது முதலாளி கட்டளை, சுவரில் எழுதியே ஒட்டியிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"இப்ப என்ன செஞ்சீங்க?" என்றார் இன்ஜினியர்.

நான் அமுக்குவது நேராகச் சிப்புக்குப் போவதில்லையாம். நடுவில் ஒரு தற்காலிக நினைவகத்தில் காத்திருந்து, கால் மணிக்கு ஒருமுறை மொத்தமாக எழுதப்படுமாம். காத்திருக்கும்போது கரண்ட் போனால் அது போனதுதான். நாலு மணிக்கும் நாலேகாலுக்கும் நடுவில் வருவது சுடலைமுத்து வண்டி ஒன்றுதான். மூன்று வாரமாக அதை அழித்தது என் கை.

இன்ஜினியர் தன் கம்ப்யூட்டரை மாட்டி, அமுக்கிய உடனே எழுதும்படி மாற்றினார். "ஆனா அடிக்கடி எழுதினா சிப் சீக்கிரம் தேஞ்சுடும்."

"தேயுததுக்கு அது என்ன செருப்பா?" என்றார் மேனேஜர், அவரையும் சந்தேகமாகப் பார்த்தபடி.

சுடலைமுத்துக்கு வேலை தப்பியது. மறுநாள் நானே அவரிடம் போய், சுவிட்சை அணைத்தது நான்தான் என்றேன். அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். பிறகு ஒரு துண்டுத்தாளை நீட்டினார்.

"வண்டி வந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்."

அன்றிலிருந்து தினமும் ஒரு சீட்டு வாங்கிப் போனார், ஓய்வு பெறும்வரை.

இப்போது அந்த அறை இல்லை, கம்பெனி இல்லை, டைம் கீப்பர் என்ற வேலையும் இல்லை. பெட்டி வருவதற்கு முன் ஐந்து வருஷம் அந்த வண்டி வந்த நேரத்தை நோட்டில் எழுதினேன். நான் என்ன எழுதுகிறேன் என்று சுடலைமுத்து ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.