கட்டில் அகலத்துக்கு ஒரு மண்டபம்

சிரட்டையில் சுண்ணாம்புப் பொடியை அள்ளி, கயிறு பிடித்த நேர்கோட்டில் தூவிக்கொண்டே பின்னால் நகர்கிறார் சுந்தரபாண்டியன். நேற்றுப் போட்ட கோட்டைக் காலையிலேயே காலால் அழித்தாயிற்று. ராணுவத்தில் பாலம் போடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார். கோடு இம்மியும் கோணாது. "ரெண்டு இஞ்சு தள்ளிருக்கேன் தம்பி, பேப்பர்லயும் மாத்திருங்க." ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செட்டியார்பட்டிக்கு பைக்கில் அலைந்து நான் வரைந்து கொடுத்த பிளான் இதோடு ஒன்பது.

வீட்டின் பின்வாசல், சப்பட்டை ரக மாமரம், பழைய மாட்டுத்தொழுவம், ஒரு காலத்தில் பருத்தி அடைத்த கிட்டங்கி. நான்கையும் படியே இல்லாமல் சேர்க்கும் திறந்த மண்டபம் கேட்டார். எல்லாம் மனைவி பரிபூரணத்துக்காக. பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்தபின் அந்த அம்மா மூன்று படி இறங்கி மாமரத்தடிக்குப் போனதே இல்லை. முதல் பிளானில் அவர் பிடித்து நடக்கக் கம்பி இருந்தது. நாலாவதில் கம்பி போய், சக்கர நாற்காலிக்குச் சரிவு வந்தது.

"ஏங்க, ஒரு பலகையப் போட்டு என்னைய இறக்கிவிடுங்களேன்" என்று அந்த அம்மா என் முன்னாலேயே கேட்டார்.

"செத்த பொறு. மண்டபம் வழியா ராணி மாதிரி போவ" என்றார் இவர். எனக்கு உறுத்தியது. ஆனால் என் பிளான் மேல் எனக்கும் ஆசை, வாயை மூடிக்கொண்டேன்.

ஆவணி வாஸ்து நாளில் நல்ல நேரம் முடிந்து அரைமணி கழித்துத்தான் கொத்தனார் வந்தார். "நேரம் தப்பிருச்சு. ஐப்பசி வாஸ்துக்குப் பாப்போம்" என்று இவர் வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். புரட்டாசியில் பரிபூரணத்துக்கு மறுபடியும் வாதம் வந்தது. உட்கார முடியாது, பேச்சும் இல்லை. தூக்கி இறக்கவே கூடாதாம். "அரைமணி நேரத்தப் பாத்தேன் பாருங்க, என்னையச் செருப்பால அடிக்கணும் தம்பி." இப்போது அவர் நாள் பார்ப்பதில்லை. டாக்டரே நாள் சொல்லிவிட்டார்.

இன்று போட்ட அகலம், சக்கரம் வைத்த கட்டிலுக்கு. போட்டு முடித்தவர், கோடுகளுக்கு நடுவே வெறுந்தரையில் மல்லாந்து படுத்தார். அந்த அம்மா மாதிரி இடக்கையை மட்டும் அசைக்காமல் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"கூரை எங்கன வருது தம்பி?"

பிளான் தாளை அவர் முகத்துக்கு நேர் மேலே விரித்துப் பிடித்தேன்.

"மரம் தெரியலையே. கூரை வேண்டாம், எடுத்துருங்க."

எடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. வெயில் கண்ணில் அடித்தும் மரத்தையே பார்த்தபடி, கிடந்த இடக்கையை வலக்கையால் தூக்கி மெல்ல நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.