உள்ளான் எண்ண வந்த நாள்

வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் வற்றி வரும்போது ஓரத்தில் சகதி தெரியும். எங்கள் வீடு அதற்கு மேலே, கரையில். கம்பெனிக்காரர்கள் புது வெடியைச் சாம்பிள் போட்டுப் பார்ப்பது அந்தச் சகதியில்தான். காட்டில் மக்காச்சோளத் தட்டை காய்ந்து நிற்கும். அங்கே போட்டால் தீப்பிடிக்கும். சகதியில் எதுவும் பிடிக்காது.

என் மனைவி பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவள். பக்கத்து அறை வெடித்தபோது முதுகு வெந்துபோனது. பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்விடுவாள். அங்கேயே ஒண்ணுக்குப் போய்விடுவாள். சத்தம் நின்று வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வருவாள். நான் அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறேன். சாம்பிளை வேறு இடத்தில் போடச் சொல்லி போர்மேனிடம் கேட்டேன்.

"இந்த ஊர்ல வெடிக்குப் பயந்தா எங்கனண்ணே போறது? காதுல பஞ்சு வைக்கச் சொல்லுங்க," என்றார்.

பஞ்சு வைத்துப் பார்த்தோம். சத்தம் தரை வழியாக வருகிறது.

மதுரையிலிருந்து ஒரு காலேஜ் வாத்தியார் பறவை பார்க்க வந்தார். மூன்று கால் வைத்த குழாயை நட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். எங்களுக்கு அதெல்லாம் உள்ளான். கறி. அவர் பிரித்துப் பிரித்துச் சொன்னார். எலிக்குஞ்சு மாதிரி ஓடுவது கொசு உள்ளான். பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே நடப்பது வேறொன்று. பனி பெய்கிற தேசத்திலிருந்து வருகின்றன என்றார். இந்தச் சகதிக்கா என்று கேட்டேன். இந்தச் சகதிக்குத்தான் என்றார்.

"இத்தனை பறவை இருக்குன்னு கணக்கெடுத்துக் குடுத்தா கலெக்டர் ஆபீஸ்ல பேசலாம். இங்கே வெடிக்கிறதை நிறுத்தச் சொல்லலாம்."

மனுஷிக்கு நிற்காத வெடி குருவிக்கு நிற்கும் என்றால் நிற்கட்டும். எனக்கு ஒன்றுமில்லை.

அவர் கணக்கெடுக்க வருகிற நாள்வரை சகதியைக் காவல் காத்தேன். வேலை விட்டு வந்ததும் கண்ணிகளைப் பிடுங்கிப் போடுவேன். கண்ணி வைப்பது என் மச்சினன். அவளுடைய தம்பி.

"என்ன மாமா, குருவிக்கு வாட்ச்மேனா? காக்கிச்சட்டை குடுத்தாகளா, விசில் மட்டுந்தானா?"

"ஏலே, ஒங்க அக்காவுக்காகத்தாம்லே."

"அக்காவுக்குன்னா உள்ளானை அடிச்சு மிளகு போட்டுக் குடுங்க. ஒடம்பாவது தேறும்."

சொன்னானே தவிர, பிறகு கண்ணி வைக்கவில்லை. அக்கா என்றால் அவனுக்கு உயிர்.

கணக்கெடுப்புக்கு முந்தின நாள் போர்மேனிடம் போனேன்.

"நாளைக்குக் காலைல பறவைக் கணக்கெடுக்க ஆளு வாராக. வெடி வேண்டாம்."

"கவர்மெண்டு ஆளா?"

"கலெக்டர் ஆபீசுக்கு எழுதிக் குடுப்பாகளாம்."

அவர் முகம் மாறியது. "மொதல்லயே சொல்லலாமுல்லண்ணே. நீங்க போங்க. நாளைக்கு ஒரு சத்தம் இருக்காது. நான் பாத்துக்கிடுதேன்."

எங்கள் கம்பெனிகளில் இன்ஸ்பெக்சன் என்றால் ஒரு முறை உண்டு. இருக்கக்கூடாத சரக்கெல்லாம் முந்தின நாளே தீர்ந்துவிட வேண்டும். கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். வருகிறவர் கண்ணுக்கு இடம் சுத்தமாகத் தெரிய வேண்டும். போர்மேன் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து அதைத்தான் செய்தார்.

சாயங்காலம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. அந்த வாரத்துச் சாம்பிள் முழுவதும். நான் கையை ஆட்டிக்கொண்டே ஓடினேன். அதற்குள் பற்ற வைத்துவிட்டார்கள்.

"நாளைக்கு இருக்காதுண்ணே!" என்று போர்மேன் சிரித்துக்கொண்டே கத்தினார்.

பறவைகள் மொத்தமாக எழுந்தன. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கப் பார்த்தன. இறங்குகிற இடத்தில் அடுத்தது வெடித்தது. புகைக்குள் மறுபடி எழுந்தவை கரையோரத்துக் கரண்டுக் கம்பியில் போய் அடித்தன. பொத்துப் பொத்தென்று விழுந்தன. சில விழுந்த பிறகும் ஒரு சிறகை இழுத்துக்கொண்டு ஓடின. தப்பியவை அணையைத் தாண்டிப் போயின. திரும்பவில்லை.

மச்சினன் சாக்கோடு வந்தான். ஓடியவற்றைப் பிடித்துக் கழுத்தைத் திருகினான்.

"நான் கண்ணி வைக்கலை மாமா. நீங்களே பாத்தீக."

அவன் மேல் தப்பில்லை. அவனே மிளகு அரைத்துச் சமைத்தான். அவள் கட்டிலுக்கடியிலிருந்து வந்து, சேலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். வெகுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.

காலையில் கம்பெனிப் பெண்கள் வாரியலோடு சகதியைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு காகிதத் துண்டு இல்லை. வாத்தியார் குழாயை நட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். போர்மேன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்.

"ஒரு தூசி இருக்கா பாருங்க சார்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்குப் பின்னால் போய், குப்பையில் வெட்டிப்போட்ட கால்களைப் பொறுக்கி வந்து பேப்பரில் வைத்தேன். அவர் குனிந்து ஒவ்வொன்றாக விரலால் தள்ளினார். கறுப்பு. "கொசு உள்ளான்," என்றார். நீளமான பச்சை. "பச்சைக்காலி."

"இதை எழுதிக்கிடுங்க சார். இங்கன இருந்ததுதான."

"செத்தது கணக்குல வராதுங்க. உயிரோட பாக்கணும்."

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று குழாயை மடக்கினார். கார் போனதும் போர்மேன் கிட்டே வந்தார்.

"நம்மளைப் பத்தித் தப்பா ஒண்ணும் எழுதலையே?"

"ஒண்ணுமே எழுதலை."

"அப்பச் சரி. புதுசா ஒரு அயிட்டம் வந்திருக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்கப்புறம் போட்டுப் பாத்துருவோம்."

வீட்டில் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இன்னைக்கும் போடுவாகளா?"

"போடுவாக."

"எப்ப?"

"சாப்பாட்டுக்கப்புறம்."

"அப்ப வெரசா ஆக்கிருதேன்," என்று உலையை ஏற்றினாள்.