துரையின் காரைத் தொட்டவன்

எண்பதுகளின் நடுவில், மலை மேலிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒரு புதுக் கார் வாங்கினார். உள்ளே எத்தனை டிகிரி வேண்டுமென்று வைத்துவிட்டால் போதும். குளிர்காற்றா, சூட்டுக்காற்றா என்பதை வண்டியே பார்த்துக்கொள்ளும். அதைத் தொடும் உரிமை தோட்டப் பட்டறையில் என்னோடு மெக்கானிக்காக இருந்த, என்னைவிட ஆறு வயது இளையவனுக்குக் கிடைத்தது. ஏர்கோன் என்கிற குளிர்சாதனப் பயிற்சிக்குக் கோலாலம்பூர் போக இரண்டு பேரும்தான் மனுப் போட்டோம். போனது அவன். மூன்று மாதம் கழித்துக் கையில் ஒரு மீட்டரோடு வந்து இறங்கினான்.

எனக்கு வயிறு எரிந்தது. அவன் கை கழுவும் விதம்கூடப் பிடிக்காமல் போயிற்று. பெரிய மெக்கானிக் ஓய்வு பெறப் போகிறார், துரை காரைத் தொடுகிறவனுக்குத்தான் அந்த இடம் என்று தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்கப் பேச்சு வேறு.

ஒருநாள் காலை, வெளியே மூடுபனி இறங்கியிருக்க, காருக்குள்ளும் குளிர்காற்றே அடிக்கிறது என்று துரை நடுங்கிக்கொண்டு வந்தார். மாலைக்குள் சரியாக வேண்டும் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார்.

அவன் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து சூட்டை அளக்கும் மிளகு அளவு சென்சாரைக் கழற்றி மீட்டரில் மாட்டினான். உள்ளங்கையில் பொத்தினால் மின்தடை இறங்கியது; சன்னல் காற்றில் நீட்டினால் ஏறியது. சென்சாரில் குறையில்லை. திரும்பப் பொருத்தினான். மறுபடியும் குளிர்காற்று. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்.

“சென்சார் நல்லாத்தான் இருக்குலா அண்ணே. காருக்குள்ள காத்து அதுகிட்ட போவுதான்னு பாப்போம். போவலன்னா டேஷ்போர்டுக்குப் பின்னால இருக்குற சூட்டையே காருக்குள்ள சூடுன்னு நெனச்சு குளிர்காத்து அடிக்கும்” என்றான். டேஷ்போர்டு முகப்பில், சென்சாருக்குக் காற்றை இழுக்கும் சிறு துளைகளின் மேல் மெல்லிய தாள் ஒன்றை வைத்தான். ஒட்டி நிற்க வேண்டிய தாள் விழுந்தது. ஊசியால் நெம்பினான். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

அதற்கு முந்தின வாரம் ஆயுத பூஜையில் பட்டறை வண்டிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தது நான்தான். அவன் தொடுகிற காரை நானும் தொட்டுப் பார்க்க வேண்டுமென்ற ஆத்திரத்தில், துரை காருக்கு மட்டும் உள்ளே டேஷ்போர்டிலும் அள்ளி அப்பியிருந்தேன். மேலே இருந்ததை டிரைவர் துடைத்துவிட்டான். துளைக்குள் போனது அங்கேயே இறுகிவிட்டது. இளையவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் குனிந்து உதிர்ந்த பொடியைத் துணியால் துடைத்தேன்; சிறிது நேரத்தில் காருக்குள் சூட்டுக்காற்று வந்தது.

மாலையில் துரை வந்து என்ன கோளாறு என்று கேட்டார்.

“தூசி அடைச்சிருந்துச்சு தொர. அண்ணன்தான் கண்டுபிடிச்சாரு.”

ஆமாம் என்று நானும் தலையாட்டினேன்.

பெரிய மெக்கானிக் வேலை எனக்கே வந்தது. வீட்டில் பாயசம் வைத்தோம். அவனும் வந்து இரண்டு டம்ளர் குடித்து, “நல்லாருக்கு அண்ணி” என்று சிரித்தான். அப்போதும் எனக்கு எரிந்தது. முன்னைவிட அதிகமாகவே எரிந்தது. அந்தச் சந்தனத்தை அவன் பூசி நான் கண்டுபிடித்திருந்தால், துரை வரும்வரைகூடக் காத்திருந்திருக்க மாட்டேன். ஆபீசுக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.